உரம் போடாத பாத்தி

வெளியாள் வயலில் சோதனை வைத்தால் எவனாவது கைவைத்துவிடுவான் என்று அவளுக்குப் பயம். பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் பத்து வருஷமாக இதைத்தானே பார்க்கிறாள்! அதனால்தான் மக்காச்சோளச் சோதனையைக் கூடப்பிறந்த அண்ணன் வயலில் வைத்தாள். இரண்டே பாத்தி. ஒன்றில் முழு யூரியா. சாலையோரப் பாத்தியில் ஒரு பிடிகூடக் கிடையாது. மூன்று வருஷமும் இரண்டிலும் விளைச்சல் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த மண்ணுக்கே அவ்வளவு தெம்பா என்று பூரித்துப்போனாள். அண்ணன் வயல்தானே என்று மண்ணை எடுத்துப் பரிசோதிக்கக்கூட இல்லை. அங்கேதான் கோட்டை விட்டாள்.

"பாதி உரம் போதும்" என்று அவள் சொன்னதை நம்பி இந்தப் பருவத்தில் நாற்பது பேர் பாதிதான் போட்டார்கள். தானும் பாதிதான் போட்டதாக அண்ணன் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். இப்போது பயிர் இடுப்புயரம். நாற்பது வயலிலும் அடியிலைகளில் நுனியிலிருந்து நடுநரம்போடு மஞ்சள் ஓடுகிறது. உரப்பசிதான், சந்தேகமே இல்லை. இந்த வாரத்துக்குள் மீதி உரத்தையும் போட்டால் கதிரைக் காப்பாற்றலாம். தாண்டினால் தட்டைதான் மிஞ்சும்.

அண்ணன் வயல் மட்டும் கரும்பச்சையாக நின்றது. வரப்பில் திகைத்து நின்றவளைப் பார்த்து அண்ணி வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

"உங்க அண்ணனுக்குத்தான் மனசு கேக்காதே! வருஷா வருஷம் நீ வந்து உரத்தை அளந்து போட்டுட்டுப் போன மறுநாளே அந்த ரோட்டோரப் பாத்திக்கும் ரெண்டு கூடை யூரியா வீசிடுவாரு."

அண்ணன் டிராக்டரின் கீழே படுத்திருந்தான்.

"ஏண்ணா இப்படிப் பண்ண?"

"பின்ன? ரோட்டுல போறவன் வர்றவனெல்லாம் 'என்னப்பா, பயிரைப் பட்டினி போடுறே'ன்னு கேலி பண்றான். மானம் போகுது."

"சரி. இந்த வருஷம் உன் வயலுக்கு எவ்வளவு போட்ட?"

அவன் ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"முழுசா."

மானத்துக்காகச் செய்ததை மன்னித்துத் தொலைக்கலாம். ஆனால் பாதி போதாது என்று தெரிந்தே, அவள் மேடையேறிச் சொன்னபோது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினானே, பாவி!

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. எப்படிச் சொல்றது? மழை ஜாஸ்தி, உரம் கரைஞ்சு போச்சுன்னு சொல்லிடு. முடிஞ்சுது கதை."

மத்தியானம் நிலையத்துக் கூடத்தில் நாற்பது பேரும் கூடினார்கள்; அண்ணனும் வந்திருந்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"தப்பு நடந்துபோச்சு. உரமே போடலைன்னு நான் சொன்ன பாத்தியில உரம் விழுந்திருக்கு. இந்த வாரமே மீதியையும் போட்டுடுங்க."

"அன்னிக்குப் பாதி போதும்னீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்களோ!" என்றார் ஒரு தாடிக்காரர். கூடமே சிரித்தது. "யாரு போட்டதாம் அந்த உரத்தை?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும், எல்லோரும் நம்பிவிடுவார்கள். அவன் எழுந்தான். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

"அந்தப் பாத்தியில நான் ஒரு பிடிகூடப் போடல," என்றான். "இவங்க கணக்கு தப்பிப்போச்சு. அதுக்கு என்னை ஏன் மாட்டிவிடணும்?"

நாற்காலிகள் நகர்ந்தன. கலைந்துவிட்டால் நாற்பது வயலும் போச்சு.

"யாரும் போகாதீங்க!" அவள் வாசலை மறித்து நின்றாள். "எங்க அண்ணனும் பாதிதான் போட்டேன்னு சொன்னாரு இல்ல? வாங்க, அந்த வயலைப் பாத்துட்டுப் போங்க."

பத்து நிமிட நடை. தாடிக்காரர் குனிந்து அடியிலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் மருந்துக்குக்கூட இல்லை. நிமிர்ந்து அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"மீதி உரத்தை நாளைக்கே போட்டுடலாமாம்மா?"

"நாளைக்கே போடுங்க."

கூட்டம் கலைந்தது. அண்ணன் அவள் அருகில் வந்தான்.

"கூடப்பொறந்தவளாடி நீ?"

காலையிலிருந்து அவள் தொண்டையில் சிக்கிக்கிடந்த கேள்வி அது. அதையும் அவனே கேட்டுவிட்டான்.