ஞாயிற்றுக்கிழமை வராத துடிப்பு

குவாண்டம் கருத்தரங்குக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, விஜிலா மாதா கோயில் பூசைக்குப் போகாமல் லேபுக்குப் போனாள். அதுதான் வினையாகிவிட்டது. பேசாமல் கோயிலுக்குப் போயிருந்தால் நிம்மதியாக டாக்டர் பட்டம் வாங்கியிருப்பாள்.

அவளுடைய கருவியின் உயிர் ஒரு வைரச் சில்லு. மிக மெல்லிய காந்தப்புலத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சில்லுக்குள்ளிருந்து இதுவரை யாரும் பார்க்காத ஒரு துடிப்பு எழுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சியின் முடிவு. வருஷக்கணக்காக அளந்திருக்கிறாள், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அளந்ததில்லை. அவள் கடற்கரை ஊரில் அன்று மீன்பிடி வள்ளமும் கடலுக்குப் போகாது, அவள் வீட்டில் யாரும் வேலைக்கும் போவதில்லை. பிறந்ததிலிருந்து அப்படியே பழகியவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

இன்றைக்குத் துடிப்பு வரவில்லை. திரையில் கோடு மட்டமாகக் கிடந்தது. எல்லாவற்றையும் கழற்றி மாட்டிப் பார்த்து அலுத்துப்போய் ஜன்னலைத் திறந்தபோதுதான், வெளியே சத்தமே இல்லை என்பது உறைத்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், வள்ளங்களுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனி. வள்ளம் போகாத நாளில் அங்கே ஐஸ் உடைக்கிற மோட்டாரும் ஓடாது. இத்தனை வருஷமாக அவள் அளந்தது அந்த மோட்டாரின் காந்தப்புலத்தைத்தான்.

நெறியாளர் கிருபாகரனுக்குப் போன் செய்தாள். மனிதர் பதறவே இல்லை.

“ஒரு நாள் ரீடிங்க வச்சுக்கிட்டு என்னத்துக்கும்மா குழப்புத? பெங்களூர்லருந்து ஆட்கள் வாராவ. அத எடுத்துரு. ஒன் பட்டம் முக்கியமா, இல்லையா?”

மறுநாள் அவள் பேசி முடித்ததும், பெங்களூர் பேராசிரியை ஒருவர் கேட்டார்: “எல்லா நாளும் அளந்தீர்களா?”

விஜிலாவை முந்திக்கொண்டு கிருபாகரன் எழுந்தார். “ஞாயிற்றுக்கிழமை தவிர, மேடம். எங்க ஊர்ல அன்னைக்கு மீனுக்கே லீவு!”

அரங்கமே சிரித்தது. விஜிலாவும் சிரித்தாள். சிரித்த பிறகு அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தேநீர் இடைவேளையில் ஜெபசுதா ஓடிவந்தாள். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆராய்ச்சியில் சேரக் காத்திருக்கும் பெண்.

“அக்கா, ஒங்க துடிப்பையே எனக்கு டாப்பிக்கா தாரேன்னு சார் சொல்லுதாரு. பெங்களூர்ல கெடச்ச சீட்ட வேண்டாம்னு மெயில் போடப் போறேன்.” போன் கையிலேயே இருந்தது. “இதுல சிக்கல் ஒண்ணும் இல்லையேக்கா?”

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை போதும். நாலடி தள்ளி, கையில் டீயோடு கிருபாகரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணும் இல்ல புள்ள,” என்றாள் விஜிலா. “நல்லா பண்ணு.”

ஜெபசுதா அங்கேயே நின்று மெயிலை அனுப்பிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.