பத்து நாள் கெடு

நடு ஊரில் ஒரே ஒரு பாறை நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு திருச்சிக்காரர்கள் தங்கள் ஊரை மலைக்கோட்டை நகரம் என்கிறார்கள். இருக்கிற சரக்கைப் பெரிதாகச் சொல்வது கடைவீதி வழக்கம். ஊரே சொல்லும்போது லக்ஷ்மிகாந்த் சொன்னால் என்ன குற்றம்?

அந்தப் பாறையின் அடியில், பெரிய கடை வீதியை ஒட்டிய சந்தில், முப்பது வருஷமாக அவர் பாத்திரக் கடை நடத்துகிறார். ஒரு குத்துவிளக்குக்கு இரண்டாயிரம் என்பார். வந்த அம்மாள் எழுநூறு என்பாள். அவர் நெஞ்சில் கை வைத்து, "அசலுக்கே கட்டாதும்மா" என்பார். அவள் படி இறங்குவாள். இவர் கூப்பிடுவார். ஆயிரத்து நூறுக்கு விளக்கு கைமாறும். ஏமாற்றிவிட்டோம் என்ற திருப்தி இரண்டு பேருக்கும். முதலில் சொன்ன எண்ணை நம்பினவன் கடைவீதியில் பிழைத்ததில்லை என்பது அவருடைய வேதம்.

கார்த்திகையில் மனைவி சத்யபாமாவின் நாக்கு ஓரத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வாங்க லக்ஷ்மிகாந்த் மட்டும் போனார். டாக்டர் கேத்தரின் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"புற்றுநோய்தான் சார். ஆனா சீக்கிரமே கண்டுபிடிச்சாச்சு. பத்து நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணணும். நாக்குல பாதி போயிடும். ருசி சரியா தெரியாது, பேச்சு குழறும். ஆள் இருப்பாங்க."

"பத்து நாளா? வைகுண்ட ஏகாதசி வருதே டாக்டர். ஒரு மாசம் போகட்டுமே."

"சார், இதுல பேரமே கிடையாது."

இந்த வார்த்தையை அந்த அம்மாள் சொல்லாமல் இருந்திருக்கலாம். 'ஒரே விலை' என்று போர்டு மாட்டியவனிடம்தான் பேரம் நன்றாகப் படியும் என்பது கடைவீதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பத்து என்றால் முப்பது இருக்கும், அழுத்திக் கேட்டால் அறுபதுகூட இருக்கும் என்று அவர் மனசு அங்கேயே கணக்குப் போட்டுவிட்டது.

மணப்பாறை மாட்டுச் சந்தையில் விலை பேசும்போது தரகர் கைமேல் துண்டைப் போட்டு மூடி, அதனடியில் விற்கிறவன் விரலைப் பிடிப்பார்; பிடித்த விரலின் எண்ணிக்கைதான் விலை. பிறகு வாங்குகிறவன் விரலைப் பிடிப்பார். ஒருவன் பிடித்த விரல் மற்றவனுக்குத் தெரியாது. லக்ஷ்மிகாந்த் செய்ததும் அதுதான். டாக்டரிடம், "அவளுக்கு வேண்டுதல் இருக்கு டாக்டர். சொர்க்கவாசல் பார்க்காம கத்திக்கு ஒத்துக்க மாட்டேங்கிறா" என்றார். ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து, "ஏதோ கட்டியாம் பாமா. அவசரமே இல்லையாம். பண்டிகையெல்லாம் முடிச்சிட்டு நிதானமா வரச் சொன்னாங்க. எடுத்தப்புறம் கொஞ்ச நாள் ருசி தெரியாதாம்" என்றார்.

சத்யபாமாவுக்குக் கட்டி பெரிதாகப் படவில்லை. "ருசி தெரியாதா?" என்று கேட்டுக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அப்படின்னா அதுக்குள்ள ஊரையே தின்னு தீர்த்துடணும். கட்டிக்கிட்டு வந்து முப்பத்தொரு வருஷம் ஆச்சு, ஒரு ஓட்டல் வாசல் காட்டியிருப்பீங்களா நீங்க?"

காட்டியதில்லை. இனி காட்டினார். ராத்திரி ஒன்பதுக்குக் கடை அடைக்கிற மனுஷர் சாயங்காலம் நாலு மணிக்கே ஷட்டரை இழுத்தார். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நெய் ரோஸ்ட், தில்லை நகரில் பூரண போளி, ஒரு முட்டுச் சந்தில் நின்றுகொண்டே தின்கிற காளான் வறுவல் என்று புருஷனும் பெண்டாட்டியும் சுற்றினார்கள். ஏகாதசிக்கு முந்தின பகல்பத்து நாட்களில் கோயிலுக்குப் போய் ஆழ்வார் பாசுரம் கேட்டுவிட்டு, திரும்பும்போது கோயில் பிரசாதக் கடையில் செல்வரப்பம் வாங்கினார்கள். ஏகாதசி அன்று விடியற்காலைக் குளிரில், கூட்டத்தில் நசுங்கிச் சொர்க்கவாசல் தாண்டினார்கள். மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையை அவள் மூன்று தரம் போட்டுக்கொண்டாள். கூடாரவல்லியன்று அக்காரவடிசலின் நெய் உள்ளங்கையில் வழிந்தபோது, "சாமிக்கு நாக்கு நீளம்ங்க, எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கார்" என்றாள். இவர் சிரித்தார். இப்படி ஒரு பெண்டாட்டி வீட்டில் இருப்பது தெரியாமல் இத்தனை வருஷம் பித்தளையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று இருந்தது அவருக்கு.

வாரா வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். கடை வாசலுக்கு வந்து பேசுவார். "நானும் சொல்லிப் பார்க்கிறேன் டாக்டர். பிடிவாதக்காரி. பொங்கல் கழியட்டுங்கிறா." பொங்கல் கழிந்ததும், "தைத்தேர் முடியட்டுங்கிறா." கேத்தரின் ஒருமுறை, "அவங்ககிட்ட குடுங்க, நான் பேசறேன்" என்றார். "கோயிலுக்குப் போயிருக்கா டாக்டர்." அப்போது அவள் கடைக்குள் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து முறுக்கைக் காபியில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

ஆம், ஊறவைத்துத்தான். நோய்க்கும் பேரம் தெரிந்திருந்தது. ஒரேயடியாகக் கேட்கவில்லை. முதலில் காரத்தைக் கேட்டது. எரிகிறது என்று சட்னியை ஒதுக்கினாள். அப்புறம் மொறுமொறுப்பைக் கேட்டது. ரோஸ்ட் போய் இட்லி வந்தது. காணும் பொங்கலுக்கு முக்கொம்பு போனபோது புளியோதரையைக் கையில் உருட்டியபடியே மணலில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அதைக் காக்கைக்குப் போட்டுவிட்டுத் தயிர்சாதத்தைத் தொட்டாள். ஒவ்வொன்றையும் அவள் விட்டுக் கொடுத்தபோது, இதோடு நின்றுவிடும், இதுதான் கடைசி விலை என்று லக்ஷ்மிகாந்த் நினைத்துக்கொண்டார்.

பக்கத்து ஜவுளிக்கடை பரக்கத் அலிக்கு மட்டும் விஷயம் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், போன் பேசுவது அவர் கடையை ஒட்டிய வாசலில்.

"அண்ணே, பத்து நாள்னு சொன்னவங்ககிட்ட ரெண்டு மாசம் ஓட்டிட்டீங்க."

"ஒண்ணும் ஆகலையே பாய். நல்லாத்தானே இருக்கா. டாக்டருங்க எப்பவும் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்லுவாங்க. நீ ஐநூறு ரூபாய் லுங்கிக்கு எண்ணூறு சொல்றதில்லையா?"

பரக்கத் அலி லுங்கிப் பேச்சுக்குச் சிரிக்கவில்லை. "அது விக்கிற சாமான்ணே. டாக்டரம்மா என்னத்த வித்தாங்க உங்களுக்கு?"

லக்ஷ்மிகாந்த் கல்லாவுக்குத் திரும்பி வந்து, அன்றைக்கு மூன்று மணிக்கே கடையை அடைத்தார். அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அவள் பாதியில் வைத்துவிட்டாள்.

தைத்தேர் ஸ்ரீரங்கத்தின் வீதியைச் சுற்றி நிலைக்கு வந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காலையில் ஸ்கேன் எடுத்தார்கள். மத்தியானம் உள்ளே கூப்பிட்டார்கள். சத்யபாமா பையிலிருந்து ஒரு தொன்னையை எடுத்து டாக்டர் மேஜைமேல் வைத்தாள். பிரசாதம். பேச்சு இப்போது பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல வந்தது.

"உங்களுக்குத்தாம்மா. ரெண்டு மாசம் குடுத்தீங்களே, பெரிய மனசு. இந்த ஜென்மத்துக்கு ஊரைச் சுத்திட்டேன்."

கேத்தரின் தொன்னையைப் பார்த்தார். பிறகு லக்ஷ்மிகாந்தைப் பார்த்தார். லக்ஷ்மிகாந்த் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"நான் எங்கம்மா குடுத்தேன்? நான் பத்து நாள்னு சொன்னேன். நீங்கதான் வேண்டுதல் இருக்கு, வர மாட்டேன்னு அடம் பிடிக்கிறீங்கன்னு சார் சொன்னாரு. வாரா வாரம் போன் பண்ணோமே."

துண்டு விலகிவிட்டது. இரண்டு பக்கத்து விரலும் வெளியே தெரிந்தது. சத்யபாமா புருஷன் பக்கம் திரும்பவில்லை. "இப்ப என்னம்மா?" என்றாள்.

கழுத்தில் நெறி கட்டியிருந்தது. தாடை எலும்புக்குள் இறங்கியிருந்தது. நுரையீரலில் இரண்டு புள்ளி. கேத்தரின் ஒவ்வொன்றையும் படத்தில் பேனாவால் தொட்டுக் காட்டினார். "இனிமே கத்தி வெச்சுப் பிரயோஜனம் இல்லம்மா. மருந்து குடுக்கலாம். வலி இல்லாம பார்த்துக்கலாம்."

"சென்னைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன் டாக்டர்" என்றார் லக்ஷ்மிகாந்த். "வேலூர்? கடையை வித்துடறேன். நாக்கை முழுசா வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லுங்க. தாடையையும் சேர்த்து எடுத்துக்கட்டும்."

தான் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போவது அவருக்கே கேட்டது. எதிரே கேட்க ஆள் இல்லாத பேரம்.

"எங்க வேணும்னாலும் போங்க சார், நானே லெட்டர் எழுதித் தரேன். அங்கேயும் இதைத்தான் சொல்லுவாங்க."

வெளியே வந்து ஆஸ்பத்திரி மதில் ஓரத்து வேப்பமரத்து நிழலில் நின்றார்கள். ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. சத்யபாமா வாயைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டாள்.

"என்னங்க. அந்தப் பத்து நாளை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ பயந்துடுவேன்னு..."

"பொய் சொல்லாதீங்க. இன்னிக்காவது."

அவர் வேப்பமரத்துப் பட்டையை நகத்தால் கிள்ளினார். "சொன்னா நீ சரின்னு சொல்லிடுவ பாமா. மறுநாளே போய்ப் படுத்துக்குவ. பாதி நாக்கோட, ருசியும் இல்லாம, பேச்சும் இல்லாம... எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. சும்மா மிரட்டறாங்க, இன்னும் கொஞ்சம் தள்ளும்னு நெனச்சேன்."

"பாதி நாக்கோட இருந்திருப்பேங்க." அவள் குரல் உயரவில்லை. உயர்த்த முடியாது இப்போது. "கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். ஆடியில சுப்ரஜாவுக்குப் பிரசவம். பிள்ளையைத் தூக்கி வெச்சுக்க நாக்கு எதுக்கு?"

மகளின் பிரசவம் அவருக்கு மறந்தே போயிருந்தது. ஆடிக்கு இன்னும் ஆறு மாசம். அவள் இன்னும் எத்தனை மாசம் இருப்பாள் என்று உள்ளே டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே பதில் தெரிந்திருந்தது.

"நல்லாத்தானே இருந்துச்சு ரெண்டு மாசமும்?" என்றார், கெஞ்சுவது போல.

"நல்லா இருந்துச்சு. அதான் தொண்டையில நிக்குது. இனிமே அதுல எதை நெனச்சாலும் இதுவும் சேர்ந்து வரும். அந்த அக்காரவடிசலைக்கூட நிம்மதியா நெனச்சுக்க முடியாதுங்க. அதையும் எடுத்துக்கிட்டீங்க."

ஒரு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "எங்க போகணும்?" என்றான்.

"ஸ்ரீரங்கம்."

"முன்னூறு ரூபா குடுங்க சார்."

"நூத்தியெண்பது" என்றது லக்ஷ்மிகாந்தின் வாய்.

அவர் சொல்லவில்லை, அவரைக் கேட்டால் இன்றைக்கும் சத்தியம் செய்வார். முப்பது வருஷத்துப் பழக்கம் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் பக்கத்தில் அவள் நிற்பது ஞாபகம் வந்தது. சத்யபாமா அவரை முழுசாக ஒருமுறை பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். கடையில் ஓட்டை விழுந்த பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவரிடம் ஏதோ சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. "என்னம்மா?" என்று காதைக் கொடுத்தான். வலியோடு, ஒவ்வொரு எழுத்தாக மறுபடி சொன்னாள்.

"முன்னூறுக்கே போப்பா. அவரு பேசி முடிச்சிட்டு வரட்டும்."

ஆட்டோ கிளம்பிவிட்டது. "பாமா" என்று இரண்டு எட்டு ஓடினார். வண்டி பஸ்களுக்கு நடுவில் புகுந்து காவிரிப் பாலத்துப் பக்கம் திரும்பியது. அடுத்த ஆட்டோக்காரன் வந்து பக்கத்தில் நின்று, எங்கே போகணும், நீங்களே பார்த்துக் குடுங்க என்றான். லக்ஷ்மிகாந்துக்கு ஓர் எண்ணும் வாயில் வரவில்லை.