நாற்பதும் ராணி

என் தலையெழுத்து அந்த மாதம் நாற்பது புழுக்களின் கையில் இருந்தது. பம்பிள் என்ற குண்டுத் தேனீயின் புழுக்கள். பிறந்த முதல் சில நாட்களில் உடம்பில் ஒரு ஹார்மோன் கூடினால் புழு ராணியாக வளரும். கூடாவிட்டால் கடைசிவரை வேலைக்காரிதான். இதை நிரூபித்தால் எனக்கு டாக்டர் பட்டம். ஏழு வருடமாக "இன்னுமா படிக்கிற?" என்று கேட்கும் அத்தையின் வாயையும் அடைத்துவிடலாம்.

இடது பெட்டியில் இருபது புழுக்களுக்கு ஹார்மோன் சொட்டு விட்டேன். வலது பெட்டியில் இருபதுக்கு ஹார்மோன் கலக்காத வெறும் திரவம்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் இடது பெட்டியில் இருபதும் ராணி. வலது பெட்டியிலும் இருபதும் ராணி. வேலைக்காரிகள் வரவேண்டிய பெட்டி அது; இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

பேராசிரியருக்கோ வாயெல்லாம் பல். "ஹார்மோன் குடுக்காமலே ராணி ஆகுதுன்னா இது புது விஷயம்மா. இந்த வாரமே எழுதிக் குடு, கையெழுத்துப் போட்டுடறேன்."

எப்படி ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. வலிய வரும் சீதேவியைக் காலால் உதைப்பார்களா?

சாயங்காலம், தேனீக்களுக்குத் தீனி வைக்கும் அக்கா கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாமே ராணிதாங்க்கா" என்றேன்.

"பின்ன வராதா? நீ சாப்பிடப் போனப்பல்லாம் வலது பெட்டிக்கும் அந்த மருந்த விட்டேன்ல."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "ஏங்க்கா?"

"அதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ரெண்டு பொண்ணு பெத்தவ நான். நீ பண்ற ஓரவஞ்சனைய எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கறது?"

கோபத்தில் அவளைக் கடித்துத் தின்றிருப்பேன். இதைச் சொல்லாமலே இருந்து தொலைத்திருக்கலாம் அவள். பேராசிரியர் அறை வாசல் வரை போய்ப் போய் மூன்று தடவை திரும்பினேன். பட்டத்தை விட்டுக்கொடுக்க மனசே இல்லை. நான்காவது தடவை கதவைத் தட்டினேன்.

"சார், வலது பெட்டிக்கும் ஹார்மோன் போயிருக்கு. குப்பியப் பூட்டாம வெச்சது என் தப்பு."

அவர் பேனாவை மூடினார். "முதல்லேருந்து ஆரம்பி. இன்னும் ஒரு வருஷம்."

திரும்பி வந்தபோது அக்கா கைப்பையோடு நின்றாள். பெட்டிகள் இரண்டும் இரைந்தன. அந்த நாற்பதில் கூட்டுக்காக இரை தேடிப் போக ஒன்றுகூட இல்லை.

"இதுங்களுக்கு யாருக்கா தீனி வெக்கறது?"

"பொண்ணுங்களுக்குப் பரீட்சை. நாளைலேருந்து ஒரு வாரம் நான் லீவு" என்று அக்கா கிளம்பிவிட்டாள்.

சர்க்கரைத் தண்ணீர் கலக்க உட்கார்ந்தேன். அந்தக் கட்டடத்திலேயே வேலைக்காரியாக வளர்ந்தது நான் ஒருத்திதான்.