பென்சில் முறிந்த இடம்

ஃபோர்மேன் ஆபீஸுக்குள் வந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. கையில் இரும்புத் தடி. தடுக்க வந்த காவலாளிக்குத் தோளில் ஒன்று விழுந்தது. மனிதர் சுருண்டு விழுந்தார். நியாயம் பேச வந்த மேனேஜருக்கு மூக்கில் ஒன்று. அதோடு அவர் நியாயத்தை மறந்து மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டார். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். மற்றவர்கள் பின்வாசல் வழியாக ஒரே ஓட்டம்.

ஃபோர்மேனுக்கு ஆத்திரம் கண்ணை மறைத்திருந்தது. அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், தகடு வெட்டும் பிரஸ் அவன் தம்பியின் வலது கையைத் தின்றுவிட்டது. குறுக்கே கை வந்தால் சென்சார் கண்டுபிடிக்கும். அந்த நொடியே பிரஸ் நிற்கும். வருஷக்கணக்காக அப்படித்தான் நின்றது. முந்தாநாள் நிற்கவில்லை. அதை ஓட்டும் சாஃப்ட்வேர் இந்த ஆபீஸில் எழுதியது. எழுதியவன் கையை உடைக்காமல் திரும்ப மாட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறான்.

"எவன்டா எழுதினது?"

ஓட வழியில்லாமல் மூலையில் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் சுருட்டை முடிக்காரன். இன்னொருத்தி கண்ணாடி போட்ட பெண். சுருட்டை சென்சார் சம்பந்தப்பட்ட வரியைத் திரையில் திறந்தான். வரிக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது.

ஃபோர்மேன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மேஜைமேல் வைத்து அழுத்தினான். அவள் அலறிய அலறலில் மேஜைக்கு அடியிலிருந்த மேனேஜரும் சேர்ந்து அலறினார். தடி மேலே போயிற்று.

"அண்ணே, அவ இல்ல! வரியைக் கொஞ்சம் நகர்த்தி ஒழுங்குபடுத்தினது மட்டும்தான் அவ. கடைசியா தொட்டவங்க பேரைத்தான் இது காட்டும். கெடுத்தது யாருன்னு காட்டாது!"

"அப்ப கெடுத்தவனைக் காட்டுடா."

"தேடணும்ணே."

"தேடு. அதுவரைக்கும் இவ கை என்கிட்ட இருக்கட்டும்."

முதல் நாளிலிருந்து செய்த ஒவ்வொரு மாற்றமும் கம்ப்யூட்டரில் வரிசையாக இருந்தது. சுருட்டை பரிசோதனைக்கு வைத்திருந்த குட்டி பிரஸ்ஸை இழுத்து வைத்தான். பழைய நாளொன்றின் சாஃப்ட்வேரை அதில் ஏற்றி, கைக்குப் பதிலாக ஒரு பென்சிலை நீட்டினான். பிரஸ் நின்றது. இன்றையதை ஏற்றி நீட்டினான். சடக்.

"இனி ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதைப் பார்ப்போம். பென்சில் முறிஞ்சா, தப்பு அதுலயோ அதுக்கு முன்னாடியோ நடந்திருக்கு. முறியலைன்னா அப்புறம். பாதி பாதியா கழிச்சா கடைசில ஒண்ணுதான் மிஞ்சும்."

சடக். பிறகு நின்றது. மறுபடி சடக். ஒவ்வொரு சடக்குக்கும் ஃபோர்மேன் கண்ணை மூடினான். கண்ணை மூடினால் தம்பியின் விரல்கள். அவன் பிடி இறுக இறுக, அந்தப் பெண்ணின் விரல்கள் நீலம் பாரித்தன. மேனேஜர் மெல்லத் தலையை நீட்டி, "பேசித் தீர்த்துக்கலாமே..." என்றார். விலாவில் விழுந்த உதையில் அவர் பேச்சு தீர்ந்துபோனது.

இன்னொரு சடக். சுருட்டை அதன்பிறகு அசையவில்லை.

"என்னடா?"

"ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு."

"யாரு?"

பொய் சொன்னால் அவள் கை போய்விடும். "நான்தாண்ணே. கீழ குறிப்பு எழுதியிருக்கேன். அதை ஒரு தடவை படிச்சுட்டு..."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவளை உதறிவிட்டு அவனைப் பிடித்தான். தடி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் பென்சில் சத்தத்தைவிடப் பெரிதாக இல்லை. சுருட்டை நாற்காலியோடு சரிந்து தரையில் துடித்தான். ஃபோர்மேனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய்யில்லை, உண்மையாகவே குளிர்ந்தது.

"படிங்க! இப்பவாவது படிங்க!" என்று அந்தப் பெண் கத்தினாள்.

படித்தான். 'தூசி பறந்தால்கூட பிரஸ் நின்றுவிடுகிறதாம். சின்னத் தடங்கலைக் கண்டுகொள்ளாமல், கொஞ்சம் பொறுத்து நிற்கும்படி மாற்றியிருக்கிறேன். ஆபத்து, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "கண் மூடித் திறக்கற நேரம் பொறுத்தா உங்கப்பன் சொத்தா அழிஞ்சிடும்?" என்று ஃபோர்மேன் போனில் கத்தினார். மேனேஜரும் செய்துவிடச் சொன்னார்.'

அவன் வார்த்தைகள்தான். ஓர் எழுத்து பிசகவில்லை. உற்பத்தி குறைகிறதென்று மேலிடத்தில் திட்டு வாங்கிய நாள் அது. மறுவாரமே பிரஸ் நிற்காமல் ஓடியது, முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அந்த போனை அத்தோடு அவன் மறந்துபோனான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. தம்பி.

"அண்ணே, கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன்டா."

"கையை உடைச்சியா?"

தரையில் சுருட்டை முனகிக்கொண்டிருந்தான். ஃபோர்மேன் அவனைப் பார்த்தான். "ஒருத்தனை உடைச்சிட்டேன். ஆனா செய்யச் சொல்லி அவனை மிரட்டினவன் வேற ஒருத்தன்டா."

"அவனையும் விட்டுடாதேண்ணே," என்றான் தம்பி.