மரமாகிப்போனவள் சிரிக்க வேண்டுமாம்

ஜெபசீலன் சார் வீட்டு முன்னறையில் அன்று நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஓங்கரிக்கிறது. குடித்தது நல்ல ஏலக்காய்ச் சாயா. தின்றது நேசபாய் பொரித்த முந்திரிக்கொத்து. வயிற்றுக்குள் போனதில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருடம் ஐம்பது வயது. அதற்காக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கதைப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எழுதினவள் ஸ்மைலின் டீச்சர், பள்ளிக்கூட லைப்ரரியும் அவள் பொறுப்பில்தான். கிரேக்க நாட்டிலும் ரோமாபுரியிலும் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் சொன்ன கதைகளில் ஏழெண்ணத்தை எடுத்து, பிள்ளைகள் வாசிக்கிற தமிழில் எழுதியிருந்தாள். அதைத் திருத்துவதற்கு ஒரு கமிட்டி. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஜெபசீலன் சார் தலைவர். சிமெண்டும் கம்பியும் விற்கிற கோலப்பன் அச்சுச் செலவை ஏற்றுக்கொண்டவர், அதனால் அவரும் இலக்கியம் அறிந்தவர்.

கமிட்டியில் நான் இல்லை. ஆனால் சார் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான் இருக்கிறது. சாருடைய மனைவி நேசபாய் அதற்கு மேலே தலையை நீட்டி, "ஏட்டி, தட்டு பிடிக்க ஒரு கை வேணும், வாறியா?" என்று கேட்டாள். போனேன். கையோடு காதும் கூடவே வந்தது.

கதைகளுக்குப் படம் வரைந்தவள் அஞ்சலி. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிற சுயம்புலிங்கத்தின் மகள். ஸ்மைலின் டீச்சரிடம் படித்தவள், இப்போது டவுன் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ படிக்கிறாள். படித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐந்து வாரமாக அவள் வீட்டுப் படி தாண்டவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். கோலப்பனின் மகன் அபிலாஷ் மஸ்கட்டிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தவன், லீவை நீட்டிக்கொண்டு ஊரில் கிடக்கிறான். அஞ்சலி அஞ்சுகிராமம் பஸ்ஸில் ஏறினால் பின்னால் பைக் வரும். இறங்கினால் முன்னால் நிற்கும். அவன் போன பிறகும் அவன் பூசின சென்ட் அரை மணி நேரம் ஸ்டாப்பில் நிற்கும். வயது இருபத்தாறு. பதினேழு வயதுப் பிள்ளையிடம் போன் நம்பர் கேட்டிருக்கிறான். அவள் கொடுக்கவில்லை என்றதும் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி, தன் நம்பரை எழுதித் திருப்பிக் கொடுத்தான். அப்போது ஸ்டாப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேருக்கும் பஸ் வருகிற திசையில் ஏதோ முக்கியமான காட்சி.

சுயம்புலிங்கம் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடுவதை நிறுத்தினார். "நல்ல காரியம் செய்தீரு" என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன். வாய் இருக்கிறதே, அது சும்மா கிடக்குமா. வருகை நாள் குறைந்தால் மார்ச்சில் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று ஸ்மைலின் டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கே போய்ச் சொன்னாள். அவர் அசையவில்லை. படம் வரைகிற வேலையையாவது செய்யட்டும் என்று தாளையும் கலரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

மகள் வெளியே வரக் கூடாதாகையால் படங்களைக் கமிட்டிக்குக் கொண்டுவந்தவர் சுயம்புலிங்கமே. கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், அடுத்த வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

கோலப்பன்தான் தொடங்கி வைத்தார். "எதுக்கு டீச்சரே வெளிநாட்டுக் கத? நமக்குக் கத இல்லியா? பழம் எட்டாம, புளிக்கும்னு சொல்லிட்டுப் போச்சே நரி, அது மாதி எழுதப்பிடாதா?"

"அதுவும் கிரேக்கத்திலேருந்து வந்ததுதான் சார்."

"எது?"

"நரி."

கோலப்பன் அதுவரை நரியைத் தாயாதியாக நினைத்திருந்தார் போல. முகம் சுருங்கிவிட்டது. ஜெபசீலன் சார் சமாதானம் சொன்னார். "அது மட்டுமில்ல கோலப்பா. கதைக்குக் கீழ நீதின்னு ஒரு வரி போடுகோம்லா? அதுவும் அந்தக் காலத்துல அவங்க போட்டதாக்கும். மிஷன் பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்தோட நம்மகிட்ட வந்து சேந்தாச்சு."

"அப்போ நீதி உண்டும்லா? கொள்ளாம்," என்று திருப்தியாகத் தலையாட்டினார் கோலப்பன்.

மூன்று கதைகள் முந்திரிக்கொத்தோடு சேர்ந்து சுகமாக இறங்கின. நாலாவது கதையை டீச்சர் வாசித்தாள். ஆற்றுக்கு அதிபதியான ஒரு தேவனுக்கு ஒரு மகள். காட்டில் இஷ்டம்போல ஓடித் திரிவதுதான் அவளுக்குப் பிடித்த காரியம். வெளிச்சத்துக்குத் தேவனான ஒருவன் அவளைக் கண்டு ஆசைப்பட்டான். அவள் வேண்டாம் என்றாள். அவன் துரத்தினான். ஓடி ஓடிக் கால் தளர்ந்து, ஆற்றங்கரைக்கு வந்து, அப்பா என்னைக் காப்பாற்று என்று கூப்பிட்டாள். அப்பன் அவளை ஒரு மரமாக்கினான்.

அதற்கான படம் கை மாறி மாறி என்னிடமும் வந்தது. கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினேன். கால்விரல்கள் வேராகி மண்ணுக்குள் இறங்குகின்றன. கைவிரல் நுனிகளில் இலை. மரப்பட்டை பாதி வாய்வரை ஏறிவிட்டது, மீதி வாய் திறந்திருக்கிறது. பின்னால் கையை நீட்டிக்கொண்டு தேவன். நூல் பிடித்ததுபோல ஒதுக்கிய தாடி, முடியைப் பின்னுக்கு இழுத்து வைத்த வளையம், இடது காதில் ஒற்றைக் கடுக்கன். பைக் மட்டும்தான் இல்லை.

நேசபாய் என் இடுப்பில் இடித்தாள். ஜெபசீலன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கோலப்பன் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சாமி கொள்ளாம். நல்ல முகலட்சணம்," என்றார்.

நேசபாய்க்குத் திடீரென்று இருமல் வந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"ஆனா இந்தப் பிள்ள வாயத் தெறந்துட்டு நிக்கியது சரியில்ல பாத்துக்கிடுங்கோ," என்று கோலப்பன் தொடர்ந்தார். "சின்னப் பிள்ளையோ பாத்தாப் பேடிக்கும், ராத்திரி ஒறங்காது. சிரிச்ச மாதி வரையச் சொல்லணும்."

"உயிரப் பிடிச்சிக்கிட்டு ஓடி வந்தவ சார். எப்பிடிச் சிரிப்பா?" என்றாள் டீச்சர்.

"இதுல சிரிக்குதாளே?" மேசையில் டீச்சர் வைத்திருந்த இங்கிலீஷ் சிறுவர் புத்தகங்களைக் கோலப்பன் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். மூன்று புத்தகம், மூன்றிலும் அதே கதை. நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றில் அவள் கல்யாண ஆல்பத்துக்கு நிற்பதுபோலக் கழுத்தைச் சாய்த்திருந்தாள். இன்னொன்றில் தோளில் ஒரு அணில். மூன்றாவதில் தேவன் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க, மரத்துக்கே கன்னம் சிவந்திருந்தது. எல்லாம் வழவழப்பான கலர்.

"அதெல்லாம் கழுவித் தொடச்ச கத சார். அங்கயும் இது மாதி ஒரு கமிட்டி இருந்திருக்கும்," என்றாள் டீச்சர். "ரோமாபுரியில மொதல்ல எழுதினவன் அப்பிடி எழுதல்ல. மரமான பிறகும் அவன் முத்தம் குடுக்க வந்தான், மரம் ஒதுங்கிச்சுன்னுதான் எழுதியிருக்கான்."

"முத்தமா?" ஜெபசீலன் சார் பேனா மூடியைத் திறந்தார். "டீச்சரே, இது அஞ்சாங்கிளாஸாக்கும்."

"அத நான் எழுதல்ல சார்."

"துரத்தினான்னு எழுதியிருக்கியே. அதுவும் பிள்ளைகளுக்கு வேண்டாம்."

சார் சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்தார். மேலே குண்டு குண்டான ஹெட்மாஸ்டர் கையெழுத்தில், 'அவளோடு விளையாட ஆசைப்பட்டுப் பின்னால் ஓடினான்' என்று எழுதி, வாசித்தும் காட்டினார். தாடியை ஒதுக்கி, சென்ட் பூசி, விளையாட ஆசைப்பட்டு ஓடுகிறானாம். நோட்டைப் பிடுங்கின கையும் விளையாடத்தான் நீண்டிருக்கும்.

பிறகு நீதிக்கு வந்தார்கள். இந்தக் கதைக்கு நீதி கிடையாது, வாசிக்கிற பிள்ளை யோசிக்கட்டும் என்றாள் டீச்சர். நீதி இல்லாத கதையைப் பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது என்று சார் கேட்டார். பெண்பிள்ளை தனியாக ஆற்றங்கரைக்குப் போகக் கூடாது என்று போடலாம் என்றார் கோலப்பன். அது கொஞ்சம் பழைய காலத்துப் பேச்சாக இருக்கிறது என்று சாருக்குத் தோன்றியது. மோவாயைத் தடவிக்கொண்டு மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மரம்லா வருது? 'மரங்களை நேசிப்போம், இயற்கையைக் காப்போம்.' எப்பிடி?"

"பெர்ஸ்ட் கிளாஸ்," என்றார் கோலப்பன்.

நான் காலித் தம்ளர்களை எடுப்பதுபோலக் குனிந்துகொண்டேன். ஒரு பிள்ளையை ஒருத்தன் துரத்துகிறான், அவள் கதறிக்கொண்டே மரமாகிறாள், அதற்குப் பெரிய மனிதர்கள் கண்டுபிடித்த நீதி வனத்துறை போர்டில் எழுதுகிற வாசகம். செத்த எலியைத் துணி சுற்றிச் சென்ட் அடித்து வைத்ததுபோல அந்த அறை மணத்தது. இவ்வளவோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கோலப்பனுக்கு மனசு நிறைந்துபோய், கதவோரம் இருந்தவரையும் மகிழ்விக்கத் தோன்றிவிட்டது.

"அப்பனுக்கக் காரியத்தையும் ஒரு வரி சேக்கணும் சாரே. பிள்ளைக்கு ஒரு ஆபத்துன்னா அப்பன் எப்பிடி இருக்கணும்? நம்ம சுயம்புலிங்கத்தப் பாரும். பிள்ளைய வீட்டுல வச்சாரு, ஒரு பேச்சு வந்துதா, ஒரு வழக்கு வந்துதா? அதாக்கும் அப்பன்."

துரத்துகிறவனைப் பெற்றவர், துரத்தப்பட்டவளைப் பெற்றவருக்குக் கொடுத்த சர்ட்டிபிகேட்டு. அதைக் கேட்ட என் காதைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

சுயம்புலிங்கம் கோலப்பனைப் பார்க்கவில்லை. டீச்சரிடம் கேட்டார். "பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு டீச்சர்?"

"பிறகு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மரமாவே நிக்கா."

"எத்தற காலம்?"

"எப்பமும்தான்."

"அவனுக்கு?"

"அவன் அந்த மரத்து எலையப் பறிச்சு மால கட்டி, தலையில வச்சுக்கிட்டான். அதுதான் பிறகு ஜெயிச்சவங்களுக்குப் போடுத மாலன்னு ஆச்சு."

சுயம்புலிங்கம் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். செம்புக்கம்பி சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன கை.

"அப்பன் ஆறுன்னுல்லா சொன்னிய?"

"ஆமா."

"ஆத்துக்கு எவ்வளவு பெலன் உண்டு. வெள்ளமா ஏறி வந்து, தொரத்தின அந்தச் சவத்த இழுத்துட்டுப் போயிருக்கலாம்லா? அத விட்டுட்டு, பெத்த பிள்ளைய மரமாக்கி நிறுத்தியிருக்கானே."

அடுக்களையில் நேசபாயின் இருமல் நின்றுவிட்டது. சுயம்புலிங்கம் எழுந்து மேசைக்கு வந்து, அந்தப் படத்தை எடுத்துக் கோலப்பன் மடியில் வைத்தார்.

"வே, இது ஆருன்னு பாரும்."

"சாமில்லா?"

"நல்லாப் பாரும்."

கோலப்பன் பார்த்தார். இந்தத் தடவை தூரத்தில் பிடிக்கத் தேவைப்படவில்லை. காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து.

"புஸ்தகக் காரியத்துல வீட்டுக் காரியத்தக் கொண்டு வராதீரும் வே," என்றார் கடைசியில்.

"நான் கொண்டு வரல்ல. அவ வரைஞ்சிருக்கா." சுயம்புலிங்கத்தின் குரல் ஏறவே இல்லை. "நாளைக்கு எட்டேகால் வண்டியில எனக்க மவ பள்ளிக்கூடம் போவா. நானும் போவேன். உமக்க மவன் பின்னால வந்தான்னா, பைக்கப் பிடிச்சு நிறுத்தி அங்ஙனயே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவேன். பிள்ள பேரு கெட்டுரும்னு இம்புட்டு நாளு இருந்தேன். கெட வேண்டியது எவன் பேருன்னு இப்பம்தான் தெரியுது." ஜெபசீலன் சாரைப் பார்த்தார். "சாரே, படத்துல அந்தப் பிள்ளையச் சிரிக்க வைக்கணும்னா வைச்சுக்கிடுங்கோ. அஞ்சலி பேரு அதுல வரப்பிடாது."

போய்விட்டார். சார் சிவப்புப் பேனாவை மூடி, 'அடுத்த கதை' என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கே எனக்குக் கோட்டாறில் சில்லறைச் சாமான் வாங்குகிற அவசரம் வந்துவிட்டது. ஸ்டாப்பில் அஞ்சலி யூனிபாரத்தில் நின்றாள். வெயில் படாத முகம் வெளிறிப்போயிருந்தது. பக்கத்தில் சுயம்புலிங்கம், வேலைக்குப் போகிற காக்கிச் சட்டையோடு. அபிலாஷ் எதிர்க் கடையோரம் பைக்கில் சாய்ந்திருந்தான். சுயம்புலிங்கம் ரோட்டைக் கடந்து அவனிடம் போனார், ஏதோ சொன்னார், திரும்பி வந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் இப்படி ஒரு நஷ்டம் அபூர்வம். பஸ் கிளம்பினபோது பைக் நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு வாரத்தில் அவனுக்கு மஸ்கட்டிலிருந்து அவசரமாக அழைப்பு வந்துவிட்டதாகக் கோலப்பன் கடையில் சொன்னார்கள். இனி ஒரு நாளும் விடாமல் வந்தால் பரீட்சை எழுதலாம் என்று அஞ்சலிக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

புத்தகம் ஜனவரியில் வந்தது. கோட்டாறு அச்சகத்தில் கம்ப்யூட்டரைக் கொண்டு புதிதாக ஒரு படம் போட்டிருக்கிறார்கள். பச்சைத் தாவணி கட்டின மரம், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறது. எண்ணிப் பார்த்தேன், கூடவே இருக்கும். பின்னால் ஓடுகிறவன் கையில் பூங்கொத்து. கீழே கட்டம் கட்டி, மரங்களை நேசிப்போம். ஸ்மைலின் டீச்சர் தன் பேரையும் எடுக்கச் சொல்லிவிட்டாள், அதனால் அட்டையில் 'கமிட்டி' என்று மட்டும் இருந்தது. கடைசிப் பக்கம் முழுக்கக் கோலப்பன் குடும்பத்தின் போட்டோ, வாழ்த்துகளோடு. நடுவில் அபிலாஷ், கூலிங்கிளாஸ் போட்டு. நான் வாங்கி வைத்த பிரதியை அடுக்களையில் வைக்க மனசு வரவில்லை. சாப்பாட்டுப் பக்கம் வேண்டாம் என்று வாசல் ஷெல்பில் செருப்புக்கு மேலே வைத்தேன்.

அந்த வாரம் பஸ்ஸில் அஞ்சலிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவள் மடியில் அதே புத்தகம். முன்சீட்டில் அவள் அப்பா தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

"கடைசிப் பக்கம் பாத்தியா மக்கா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பாத்தேன் அத்த," என்றாள். பக்கத்தைத் திருப்பி ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். "போட்டோவுல மூக்கு சரியா விழல்ல. நான் வரைஞ்சது இதவிட ஒத்திருந்துது."

புத்தகத்தைப் பைக்குள் தள்ளிவிட்டு, கெமிஸ்ட்ரி நோட்டை எடுத்தாள்.