கூப்பிடாவிட்டால் நலம்

"மூணே நாள்ல ஒருத்தருக்கு ரெண்டு கிலோ ஏறினா, ஏறினது சதையா, தண்ணியா?" என்று பெரிய டாக்டர் ஒருநாள் ஒரு நர்ஸிடம் கேட்டார்.

"தண்ணிதான் சார். இதயம் இறைக்க முடியாம விட்ட தண்ணி" என்றாள், யோசிக்காமல். அன்றே ஒரு புதுத் திட்டத்தின் பொறுப்பும் ஒரு ஃபோனும் அவள் கைக்கு வந்தன.

இதயம் பலவீனமாகி, சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாற்பது பேருக்கு ஆஸ்பத்திரி ஆளுக்கொரு எடை மெஷின் கொடுத்திருந்தது. காலையில் எழுந்ததும் அதில் ஏறி நின்று, நம்பரை ஃபோனில் அவளிடம் சொல்ல வேண்டும். கூடியிருந்தால் அன்றைக்கே வரவழைத்து ஊசி போட்டு நீரை இறக்கிவிடுவார்கள். மூச்சுத் திணறுகிறவர்களை அள்ளிக்கொண்டு ஓடிவரும் கூட்டம் இரண்டே வருடத்தில் பாதியாகக் குறைந்தது.

அந்த நாற்பது பேரில் ஒரு தையல்காரர் தினமும் ஆறரைக்குக் கூப்பிடுவார். "எடைக்காரம்மா, அறுபத்தி நாலு. இடுப்பளவும் சேத்துச் சொல்லட்டா?"

"அதெல்லாம் உங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லுங்கண்ணே."

பின்னால் அவர் மனைவி சிரிப்பது கேட்கும்.

திட்டத்துக்குப் பரிசு கிடைத்தது. தையல்காரர் மெஷின்மேல் பல்லெல்லாம் தெரிய நிற்கும் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். அடுத்த மாதமே திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் மூட்டையைக் கட்டினார்கள்; திட்டம் நின்றது. நர்ஸை அதே வரவேற்பறையில் சீட்டுப் பதியும் கவுண்டருக்கு மாற்றினார்கள்.

ஃபோனை மட்டும் அவள் விடவில்லை. டிராயருக்குள் வைத்துக்கொண்டாள். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது பேச ஏது நேரம்? ஒரு வழி கண்டுபிடித்து எல்லோரிடமும் சொன்னாள்.

"இனிமே நம்பரை மெசேஜா போட்டுடுங்க. ஏறியிருந்தா நானே கூப்பிடுவேன். கூப்பிடலேன்னா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்."

ஏழு மாதம் அப்படி ஓடியது. எட்டாம் மாதம் மேனேஜர் பார்த்துவிட்டார்.

"முடிஞ்சுபோனத இன்னும் கட்டிக்கிட்டு அழறியாம்மா? நாளைக்கு யாருக்காவது ஒண்ணுன்னா என் தலைதான் உருளும்."

"பெரிய டாக்டர்ட்ட ஒரு வார்த்தை…"

"நிறுத்தச் சொல்லி அவரே கையெழுத்துப் போட்டுட்டார். ஃபோனைக் குடு."

"அவங்கல்லாம் அனுப்பிட்டே இருப்பாங்க சார்."

"நான் சொல்லிக்கறேன்."

ஃபோன் அவருடைய அலமாரிக்குள் போனது. அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்கு உள்ளூரத் தெரியும். நாற்பது நம்பரும் அவள் நோட்டில் இருந்தன. சொந்த ஃபோனில் கூப்பிட்டு, இனி நான் பார்க்க மாட்டேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரிக்குத்தான் வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே பதினொரு நாள் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் வரிசையில் தையல்காரரின் மனைவி நின்றாள், கையில் துணிப்பையோடு.

"வாங்கக்கா. அண்ணன் வரலியா?"

அவள் பையிலிருந்து எடை மெஷினை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தாள். "ஆஸ்பத்திரிப் பொருள். வீட்ல இனி ஏறி நிக்க ஆளில்ல."

நர்ஸின் பேனா பாதி எழுத்தில் நின்றது.

"அறுபத்தெட்டு வரைக்கும் போச்சு. கால் வீங்கி செருப்பு நுழையல. வாங்க போலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'எடைக்காரம்மா கூப்பிடலியேடி, எனக்கு ஒண்ணுமில்ல'ன்னார். முந்தாநாள் விடியக்காலையிலகூட அதையேதான் சொன்னார், மூச்சு வாங்கிட்டே."

"ஃபோன் என்கிட்ட இல்லக்கா. வாங்கி வெச்சுட்டாங்க."

"எப்போ?"

"பன்னெண்டு நாளாச்சு."

"எங்க நம்பர் உங்ககிட்ட இருந்துச்சுல்ல?"

நர்ஸ் மெஷினையே பார்த்தாள். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு நீல நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருந்துச்சுக்கா."

"கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும்மா" என்றார் பின்னால் நின்றவர்.

தையல்காரரின் மனைவி தலையை நிமிர்த்திச் சுவரிலிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காலிப் பையை நாலாய் மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கவுண்டர் பக்கம் திரும்பாமலே வெளியே போனாள்.