கொசுறு தெரியாத ஜார்

எதெல்மிரா ஒருவருக்கு நல்லது சொன்னால், அதில் தனக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்காமல் சொல்லமாட்டாள். பெரு நாட்டு அரெகிப்பா நகரச் சந்தையின் ஜூஸ் கடை வரிசையில் என் கடைக்கு அடுத்த கடை அவளுடையது. நடுவில் இருப்பது ஒரு தடுப்புப் பலகையும் என் அன்னாசிக் குவியலும்தான். அதனால் சனிக்கிழமை காலை என் மிக்ஸி புகைந்து நின்றபோது எனக்கு முன்னால் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"நியெவெஸ், கருகுன வாடை வருதே. மோட்டார் போச்சா?"

"போகல. கொஞ்சம் சூடாயிருக்கு."

"என் மிக்ஸில அடிச்சுக்கோயேன். ஆளுங்க உக்காந்திருக்காங்கல்ல."

நான் எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும்? அவள் மிக்ஸி ஓடுகிற அழகை என் ஆட்கள் பார்ப்பதற்கா? ஆரஞ்சைக் கையால் பிழிந்து கொடுத்துச் சமாளித்தேன். பப்பாளி கேட்டவர்கள் எழுந்து போனார்கள். எங்கே போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வரிசையில் எல்லோரிடமும் அதே பப்பாளி, அதே விலை. நமக்கென்று இருப்பது வாடிக்கை ஒன்றுதான். அது இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்து பழகிவிட்டால் அப்புறம் நான் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

மதியம் கடையைச் சாத்தும்போது அவள் மறுபடி வாயைத் திறந்தாள்.

"புதுசு வாங்கப் போறியா? கண்ணாடி ஜாரா பாத்து வாங்கு. மத்ததெல்லாம் நமக்கு ஆகாது."

கண்ணாடியாம். போன தடவை நிலம் ஆடியபோது மேடையிலிருந்து விழுந்து சுக்குநூறானது என்ன ஜார்? கண்ணாடி ஜார். பெருக்கிக் கொடுத்தது யார்? இதே எதெல்மிரா. இன்னொரு தடவை பெருக்க ஆசைப்படுகிறாள் போலிருக்கிறது.

பையில் நாலைந்து கேரட்டும் ஒரு முரட்டு பீட்ரூட்டும் போட்டுக்கொண்டு மின்சாமான் தெருவுக்குப் போனேன். கடைக்காரன் வைத்திருக்கும் வாழைப்பழத்தை அரைத்துக் காட்டினால் நான் மயங்கிவிட மாட்டேன். வாழைப்பழத்தை என் கையே அரைக்கும்.

முதல் கடையில் எடுத்துப் பார்த்தது காலி டப்பா மாதிரி இருந்தது. இரண்டாவது கடையில் ஒன்று நன்றாக இருந்தது. ஆனால் அந்த விலைக்கு அது பழத்தையும் தானே போய் வாங்கி வர வேண்டும். மூன்றாவது வில்பிரெடோ என்பவரின் கடை. வழுக்கைத் தலை, அளவான பேச்சு. அளவாகப் பேசுகிற வியாபாரியிடம்தான் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"நாள் முழுக்க ஓடணும், அடிக்கடி வந்து உங்க மூஞ்சில முழிக்கக் கூடாது. அப்படி ஒண்ணு காட்டுங்க" என்றேன்.

அவர் நடுவாந்திர விலையில் ஒன்றை எடுத்து வைத்தார். தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். கவிழ்த்தேன். ஜாரை மோட்டாரோடு பூட்டுகிற கப்ளர் பிளாஸ்டிக் இல்லை, இரும்பு.

"உள்ள செம்புக் கம்பிம்மா. தாங்கும்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கழட்டிக் காட்டவா?"

"காட்டுறதுக்குன்னே ஒண்ணு வச்சிருப்பீங்க."

அவர் கோபப்படவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கேரட்டையும் பீட்ரூட்டையும் வெட்டிப் போட்டு ஓடவிட்டேன். அவர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவில்லை, மோட்டார் பக்கம் கையை வைத்தபடியே நின்றேன். வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. குறை சொல்ல வாய் துடித்தது, ஒன்றும் அகப்படவில்லை.

"இதுக்கு ரெண்டு வகை ஜார் வருது. கண்ணாடி வேணும்னாலும் எடுத்துக்கலாம், ஸ்டீல் வேணும்னாலும் எடுத்துக்கலாம், ஒரே விலைதான். ஜூஸ் கடைக்காரங்க கண்ணாடிதான் எடுப்பாங்க."

ஒரே விலையாம். உடையாத சாமானும் உடைகிற சாமானும் ஒரே விலை என்றால் உடைகிறதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் அர்த்தம். உடைந்தால் ஜாருக்கு மறுபடி இவரிடம்தானே வர வேண்டும்? அதோடு அங்கே எதெல்மிரா கண்ணாடி என்கிறாள், இங்கே இவரும் கண்ணாடி என்கிறார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"ஸ்டீல் குடுங்க."

"யோசிச்சுக்கோங்கம்மா."

"அது உடையுமா, உடையாதா?"

"உடையாது."

"அப்ப சரி" என்று சொல்லி ஜாரைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டேன். கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அடியில் லேசான நெளிசல், அவ்வளவுதான். வில்பிரெடோ பெட்டியில் இருந்து புது ஜார் எடுக்கப் போனார். வேண்டாம் என்றேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ யார் கண்டது. நான் போட்டுப் பார்த்ததே எனக்குப் போதும்.

திங்கட்கிழமை காலை புது மிக்ஸி சிங்கம் மாதிரி ஓடியது. முதல் ஆள் ஹசிந்தோ, டாக்சி ஓட்டுகிறவர். என் கடைக்கு எத்தனையோ வருஷமாக வருகிறவர், ஸ்டூலே அவர் பேரில்தான். பப்பாளியும் ஆரஞ்சும் அடித்து ஊற்றினேன். பாதி குடித்துவிட்டுக் கொசுறுக்குக் கிளாஸை நீட்டினார். ஜாரில் மிச்சம் நிற்பதையும் ஊற்றிக் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். ஊற்றினேன். ஜார் காலியானது.

அவர் கிளாஸைப் பார்த்தார். பிறகு ஜாரைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் ஐயா."

"முந்தி இதைவிட வருமே."

"அதே பழம், அதே அளவு."

என் மேடை உயரம், அவர் ஸ்டூல் தாழ்வு. ஸ்டூலின் கால்கம்பியில் ஏறி நின்று ஜாருக்குள் எட்டிப் பார்த்தார். ஏழு கழுதை வயசு ஆளுக்கு இது தேவையா? கவிழ்த்துக் காட்டினேன். சரி சரி என்று உட்கார்ந்தார். ஆனால் வழக்கமாகச் சொல்லும் "நாளைக்குப் பாப்போம்" மட்டும் வரவில்லை.

அடுத்து வந்த டீச்சரம்மா, "உள்ள தண்ணி எவ்வளவு ஊத்துனீங்க, தெரியலையே" என்றார். அதற்கடுத்த ஆள் பீட்ரூட் நேற்றையதா என்று கேட்டான். ஜாரில் அரைபடுவது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததை அவரவர் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டார்கள். வியாழக்கிழமை என் ஸ்டூல்கள் காலி. ஹசிந்தோ எதெல்மிராவின் ஸ்டூலில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதையோ பரப்பியிருக்கிறாள், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவர் போனதும் அதே ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

"ஒரு பப்பாளி குடு."

எதெல்மிரா என்னைப் பார்த்துவிட்டுப் பழத்தைப் போட்டாள். கண்ணாடிக்குள் பப்பாளி சுழன்றது. தண்ணீர் எந்தக் கோடுவரை ஏறுகிறது என்று பார்த்தேன். சர்க்கரை எவ்வளவு என்று பார்த்தேன். கிளாஸில் ஊற்றியதும் ஜாரில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தேன். அவள் துணி எடுக்கத் திரும்பியபோது முதுகு ஜாரை மறைத்தது. நான் கழுத்தை நீட்டினேன். போதாமல் ஸ்டூலின் கால்கம்பியில் காலை ஊன்றி எழுந்தேன்.

"என்ன தேடுற?"

"ஒண்ணுமில்ல."

உட்கார்ந்தேன். அவள் கொசுறை ஊற்றி, ஜாரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை தட்டினாள்.

"கண்ணாடின்னு சொன்னேன்ல" என்றாள்.

"உடையும்னு நெனச்சேன்."

"உடையத்தான் செய்யும். உடைஞ்சா ஜார்தானே போகும்."

ஜூஸுக்குக் காசை வைத்தேன். வேண்டாம் என்று அவள் தள்ளியதும், எதற்கு வேண்டாம் என்கிறாள் என்று யோசித்தேன். பழக்கம் விடுமா?

சாயங்காலம் வில்பிரெடோவிடம் ஜாரை மாற்றக் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்து, அடியில் விரலை வைத்தார்.

"இந்த நெளிசல்?"

"அது நீங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதுதானே போட்டேன்."

"நான் போடச் சொல்லலையேம்மா."

அவர் மாற்றித் தரவில்லை. கண்ணாடி ஜாரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினேன். வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

மறுநாள் ஹசிந்தோ இரண்டு கடைக்கும் நடுவில் வந்து நின்றார். நான் கூப்பிடவில்லை. பப்பாளி போட்டு அடித்தேன். ஆரஞ்சு நிறத்தில் அது சுழல்வதைப் பார்த்தபடியே தன் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். கிளாஸை நிரப்பிக் கொடுத்தேன். குடிக்கும்போது அவர் கண் ஜாரைவிட்டு அகலவில்லை. பாதி குடித்ததும் கிளாஸை நீட்டினார். ஊற்றினேன். விளிம்பைத் தொட்டு நின்றது.

"பாத்தியா? இவ்வளவு வருது."

"எப்பவும் இவ்வளவுதான் ஐயா."

"இல்லம்மா. இப்ப கண்ணால பாக்குறேன்ல. அப்ப திங்கக்கிழமை நீ மிச்சம் வச்சிருக்க."

"சத்தியமா வைக்கல. அன்னைக்கும் அதே அளவுதான். கவிழ்த்துக்கூடக் காட்டினேன்."

அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். குரலில் கோபம் துளியும் இல்லை.

"எனக்கு எப்படித் தெரியும்?"

பலகைக்கு அந்தப் பக்கம் எதெல்மிரா பழம் வெட்டுகிற கத்தி நின்றது. சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

இன்னொரு பப்பாளித் துண்டை வெட்டிப் போட்டு அடித்து, அவர் கேட்காமலே கிளாஸை மறுபடி நிரப்பினேன். அது திங்கட்கிழமையின் கொசுறு என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

"நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.